இளையோர் முற்றம்: நான்கு அந்நியரும் நீங்களும்



இரவு பதினொரு மணி. பெங்களூரிலோ புனேயிலோ ஒரு வாடகை அறை. பணி முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்டுத் திரும்பிய வாலிபன் ஒருவன் கணினியின் முன் அமருகிறான். ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசியாயிற்று. உறக்கம் வர இன்னும் நேரம் இருக்கிறது. உடன் வேலை செய்யும் நண்பன் அறிமுகப்படுத்திய டோட்டா 2 என்னும் ஆட்டத்தைத் திறக்கிறான். நாற்பது நிமிடங்கள் கழிந்தபின், தோற்றுவிட்டாய் என்று திரை அறிவிக்கிறது. அந்த வாரத்தில் அது ஏழாவது தோல்வி. முகம் அறியாத நால்வர் அவனோடு சேர்ந்து ஆடினார்கள். அவர்களில் ஒருவன் இவனைத் திட்டினான். இவனும் திருப்பித் திட்டினான். விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் அவனுடைய உள்ளம் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறது: "யாரால் தோற்றோம்?"

அந்த வாலிபன் நீங்களாக இருக்கலாம். உங்கள் சகோதரனாகவோ சகோதரியாகவோ இருக்கலாம். கணினி விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டுமா என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். "ஆடாதே" என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பது எளிது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு வரியால் பயன் இல்லை. ஆகவே, புதிதாக ஆடத் தொடங்கியவர் எவ்வாறு தேறலாம் என்பதையே இம்மாதம் சிந்திப்போம். அப்படிச் சிந்திக்கும்போது, அந்த வாலிபனின் கேள்வியையே நாம் மாற்றவேண்டியிருக்கும் என்பதைக் காண்பீர்கள்.

களத்தை அறிந்துகொள்ளுங்கள்

ஐவர் கொண்ட இரண்டு அணிகள் இணையத்தின் வழியாக மோதும் ஆட்டம் இது. வார்கிராஃப்ட் 3 என்னும் விளையாட்டுக்காக ரசிகர்கள் 2003ஆம் ஆண்டில் அமைத்த ஒரு களத்திலிருந்து பிறந்தது. வால்வ் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் டோட்டா 2 என்ற பெயரில் இதை முழுமையாக வெளியிட்டது. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை.

சதுரமான ஒரு நிலப்பரப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஒரு மூலையில் ரேடியன்ட் அணியின் முகாம். எதிர் மூலையில் டயர் அணியின் முகாம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு குறுக்காக ஓடுகிறது. முகாம்களை மூன்று பாதைகள் இணைக்கின்றன. பாதைகளுக்கு இடையில் காடு. ஒவ்வோர் அணிக்கும் 11 காவற்கோபுரங்கள் உண்டு. முகாமின் உள்ளே ஏன்ஷியன்ட் எனப்படும் பெரிய கட்டடம் நிற்கிறது. எதிரியின் ஏன்ஷியன்ட்டை முதலில் இடிக்கிற அணியே ஜெயிக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடியும் வாசியுங்கள். எதிராளிகளை எத்தனை முறை வீழ்த்தினோம் என்ற எண்ணிக்கை வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. புதியவர் பலர் ஆட்டம் முழுவதும் எதிராளியைத் துரத்திக்கொண்டே இருப்பார்கள். இருபது பேரை வீழ்த்திவிட்டதாகப் பெருமை கொள்வார்கள். அதே வேளையில் அவர்களுடைய கோபுரங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும். எதற்காக ஓடுகிறோம் என்பதை மறந்தவன் எவ்வளவு வேகமாக ஓடியும் என்ன பயன்?

சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

இவ்விளையாட்டில் 120க்கும் மேற்பட்ட நாயகர்கள், அதாவது ஹீரோக்கள், உண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாயகரைத் தெரிவு செய்கிறார்கள். எல்லா நாயகர்களும் முதல் நாளிலிருந்தே இலவசமாகக் கிடைப்பதால், இன்று ஒருவர், நாளை வேறொருவர் என்று மாற்றிக்கொண்டே போக மனம் தூண்டும். இந்தத் தூண்டுதலுக்கு இடங்கொடாதிருங்கள். தொடக்கத்தில் இரண்டு அல்லது மூன்று நாயகர்கள் போதும். எளிதில் வீழாத ஓகர் மேஜை, நின்று போரிடும் ரெய்த் கிங், தொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பர் ஆகியோர் புதியவர்களுக்கு ஏற்றவர்கள் என்று அனுபவசாலிகள் பரிந்துரைப்பது உண்டு.

ஒரே நாயகரை முப்பது முறை ஆடும்போது, எந்த விசையை எப்போது அழுத்துவது என்னும் கவலை நீங்கிவிடும். அப்பொழுதுதான் கண்கள் களத்தை நோக்க விடுதலை பெறும். புது நகரத்துக்கு வந்து சேர்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். முதல் மாதத்தில் நகரத்தின் எல்லாப் பேருந்துகளையுமா கற்றுக்கொண்டீர்கள்? வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் ஒரே தடத்தை நன்றாக அறிந்தீர்கள். அது பழகிய பிறகே மற்றத் தெருக்கள் கண்ணுக்குத் தென்பட்டன.

மனிதரோடு ஆடுவதற்கு முன், கணினியே இயக்கும் எதிராளிகளோடு பயிற்சி செய்ய இந்த விளையாட்டில் வழி உண்டு. அங்கே பத்து, இருபது ஆட்டங்கள் தோற்றாலும் ஒருவரும் உங்களைத் திட்டமாட்டார்கள். தரவரிசைப் போட்டிகளில் சேருவதற்கு 100 மணி நேரம் ஆடியிருக்கவேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ளக் காலம் தேவை என்பதை ஆட்டத்தை அமைத்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்றால், முதல் வாரத்தின் ஏழு தோல்விகளுக்காக நீங்கள் ஏன் மனம் கலங்கவேண்டும்?

கொஞ்சத்தில் கவனமாயிருங்கள்

ஒவ்வொரு 30 விநாடிக்கும் இரு முகாம்களிலிருந்தும் சிறு வீரர்கள் அணியாகப் புறப்பட்டுப் பாதைகளில் நடந்து வருவார்கள். கிரீப் என்று இவர்களை அழைப்பது வழக்கம். எதிரணியின் சிறு வீரன் சாகும் தறுவாயில் இருக்கும்போது, கடைசி அடியை யார் கொடுக்கிறாரோ அவருக்கே பொன் கிடைக்கும். முன்னதாகப் பத்து அடி அடித்தவருக்கு அதில் பங்கு இல்லை. அந்தப் பொன்னைக் கொண்டுதான் ஆயுதமும் கவசமும் வாங்கவேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் அணியில் பெரும்பாலும் நான்கு சிறு வீரர்கள் வருவார்கள். பத்து நிமிடத்தில் உங்கள் பாதையில் ஏறத்தாழ 80 பேர் வந்து சேருவார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 40 பொன். அவர்களில் 20 பேருக்குக் கடைசி அடி கொடுத்தவரைவிட 40 பேருக்குக் கொடுத்தவர் 800 பொன் கூடுதலாகச் சேர்த்திருப்பார். விரைந்து நடக்க உதவும் காலணியின் விலை 500 பொன். சண்டை எதுவும் நடவாமலே, ஒருவர் காலணியோடும் மற்றவர் வெறுங்காலோடும் நிற்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. பிறகு நடக்கும் மோதலில் தோற்றவர், தன் கூட்டாளி உதவிக்கு வரவில்லை என்று குறை சொல்லுவார். உண்மையில் அவருடைய தோல்வி, ஒருவரும் கவனியாத அந்தப் பத்து நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது.

ஆகவே, நாளுக்குப் பத்து நிமிடம் தனிக் களத்தில் இந்தக் கடைசி அடியை மட்டும் பழகுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான், எனினும் வேறெந்தப் பயிற்சியும் புதியவருக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் தராது.

விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உங்கள் நாயகர் வீழ்ந்தால் மூன்று நஷ்டங்கள் ஒன்றாக வரும். உங்கள் கையிலிருக்கும் பொன்னில் ஒரு பகுதி போகும். வீழ்த்தியவருக்குப் பொன்னும் அனுபவமும் சேரும். நீங்கள் மறுபடி களத்துக்கு வரும் வரை உங்கள் அணி நால்வரோடு போராடும். நாயகரின் நிலை உயர உயர இந்தக் காத்திருப்பும் நீளும்.

எனவே, "இம்முறை எத்தனை பேரை வீழ்த்துவேன்?" என்று எண்ணித் தொடங்குவதைவிட, "இம்முறை எத்தனை குறைவாக வீழ்வேன்?" என்று எண்ணித் தொடங்குங்கள். ஒரு மோதலுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். திரையின் ஓரத்தில் களம் முழுவதையும் காட்டும் சிறு வரைபடம் இருக்கிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். எதிராளிகள் ஐவரில் எத்தனை பேர் தெரிகிறார்கள்? இருவர் மட்டும் தெரிந்தால், மற்ற மூவர் எங்கே? பெரும்பாலும் உங்களைத் தேடித்தான் வந்துகொண்டிருப்பார்கள். ஒரு கோபுரத்தின் அருகே பின்வாங்கி நிற்க வெட்கப்படாதீர்கள். அதைக் கோழைத்தனம் என்று எண்ணுகிறவர் இன்னும் ஆட்டத்தை அறியவில்லை.

பின்வரிசை வேலையை அற்பமாக எண்ணாதீர்கள்

ஓர் அணியில் ஐந்து இடங்கள் உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை எண் இட்டு வழங்குவார்கள். முதலாம் இடத்தவருக்கே பொன்னில் பெரும்பங்கு. ஐந்தாம் இடத்தவர் கடைசி அடிகளை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து, குறைந்த பொன்னோடு அணிக்குத் துணை நிற்பார். வார்டு என்னும் காவற்கண்ணை நட்டு இருண்ட காட்டைக் கூட்டாளிகளுக்குக் காட்டுவது பெரும்பாலும் அவருடைய வேலை. ஒரு காவற்கண் ஆறு நிமிடம் நிலைத்திருக்கும். அந்த ஆறு நிமிடத்தில் தப்பிப் பிழைத்த கூட்டாளிக்குத் தன்னைக் காத்தது எது என்பது தெரியாமலே போகலாம். ஆட்டம் முடிந்தபின் வரும் பட்டியலில், ஐந்தாம் இடத்தவரின் பெயருக்கு எதிரே சிறிய எண்களே பெரும்பாலும் இருக்கும்.

எல்லாரும் முதலாம் இடத்தையே விரும்புவதால் எத்தனையோ அணிகள் ஆட்டம் தொடங்கும் முன்பே சண்டையிட்டுப் பிளந்துபோகின்றன. குடும்பத்தை விட்டுத் தொலைவில் வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தம்பி தங்கையரைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு இந்த ஐந்தாம் இடத்தின் மேன்மையை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாவைக் காத்துக்கொள்ளுங்கள்

இந்த விளையாட்டில் தேர்ந்தவர்களுக்கு ஆண்டுதோறும் தி இன்டர்நேஷனல் என்னும் உலகப் போட்டி நடைபெறுகிறது. 2018ஆம் ஆண்டில் ஓஜி என்னும் ஐரோப்பிய அணிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். போட்டிக்குச் சில மாதங்களே இருந்தபோது, அவ்வணியின் முக்கிய வீரர்கள் இருவர் விலகி வேறோர் அணிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியிருந்தவர்களில் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹன் சுண்ட்ஸ்டைனும் ஒருவர். பயிற்சியாளராக இருந்த பிரெஞ்சுக்காரர் செபாஸ்டியன் டெப்ஸ் மீண்டும் வீரராகக் களம் இறங்கினார். பெரிய மேடைகளில் ஆடிப் பழகாத பின்லாந்து வாலிபர் ஒருவரும் சேர்க்கப்பட்டார். இந்தப் புதிய அணி எவரும் பங்கேற்கக்கூடிய திறந்த தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி, கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த இறுதிப் போட்டி வரை வந்தது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட அந்த இறுதிப் போட்டியில் 1-2 என்று பின்தங்கியது. பின்பு இரண்டு ஆட்டங்களையும் வென்று உலகப் பட்டத்தைப் பெற்றது. 2019ஆம் ஆண்டு ஷாங்காயில் அதே ஐவர் மறுபடியும் வென்று, இப்பட்டத்தை இருமுறை பெற்ற முதல் அணி என்னும் பெருமையையும் அடைந்தார்கள்.

அவர்களைவிடக் கைத்திறன் மிக்கவர்கள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. பின்தங்கிய நேரத்திலும் ஒருவரையொருவர் குற்றப்படுத்தாமல் நம்பி ஆடியதே அவர்களுடைய தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. தேர்ந்தவருக்கே இது தேவையென்றால் தொடக்கநிலையினருக்கு எவ்வளவு அதிகமாகத் தேவை! திட்டு வாங்கிய கூட்டாளி அடுத்த நிமிடத்தில் நன்றாக ஆடியதை நீங்கள் எப்போதாவது கண்டதுண்டா? அவன் மேலும் தடுமாறுவான், அல்லது வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுப்பான். உங்கள் ஒரு வார்த்தையால் ஐவர் நால்வராகிறீர்கள்.

யாராவது உங்களைத் திட்டினால் பதில் எழுதாதீர்கள். அவருடைய பேச்சை நிறுத்திவைக்கும் மியூட் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். ஒவ்வொருவருடைய நடத்தைக்கும் இந்த விளையாட்டு மதிப்பெண் வைத்திருக்கிறது. அது குறையக் குறைய, அதே போன்ற நடத்தையுள்ளவர்களோடு சேர்ந்து ஆட நேரிடும். சகவாசத்தை நாமே தெரிந்துகொள்கிறோம் என்பது இங்கும் உண்மையே.

உங்கள் ஆட்டத்தை நீங்களே பாருங்கள்

முடிந்த ஆட்டத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதி டோட்டா 2-இல் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. வாரத்தில் ஒரு தோல்வியைத் தெரிந்தெடுத்து, நீங்கள் வீழ்ந்த இடங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் பத்து விநாடி முன்னே போய் நிறுத்துங்கள். அப்பொழுது நான் எங்கே நின்றேன்? சிறு வரைபடத்தில் எத்தனை எதிராளிகள் தெரிந்தார்கள்? ஏன் திரும்பவில்லை? கூட்டாளியின் தவறுகளும் கண்ணில் படும். அவற்றைக் கடந்து போங்கள். அந்த நால்வரை நாளை நீங்கள் சந்திக்கப்போவதில்லை. நாளைய ஆட்டத்திலும் தவறாமல் இருக்கப்போகிறவர் நீங்கள் ஒருவரே. ஆகையால் நீங்கள் திருத்தக்கூடியவரும் அவர் ஒருவரே.

நேரத்தையும் பணத்தையும் முன்னரே தீர்மானியுங்கள்

ஓர் ஆட்டம் பெரும்பாலும் அரை மணிக்கும் முக்கால் மணிக்கும் இடையே முடியும். சில வேளைகளில் ஒரு மணியும் ஆகும். நடுவே நீண்ட நேரம் நிறுத்திவைக்க இயலாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டு நீங்கினால், அணியைக் கைவிட்டவர் என்று பதிவாகும், தண்டனையும் உண்டு. ஆகவே, ஒரு மணி நேரம் கையில் இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காதீர்கள். இரண்டு ஆட்டம் என்று தீர்மானித்தால் இரண்டோடு எழுந்துவிடுங்கள். தொடர்ந்து இரண்டு முறை தோற்றால் அன்றைக்கு அதுவே போதும். கோபத்தோடு தொடங்கும் மூன்றாவது ஆட்டம் பெரும்பாலும் மூன்றாவது தோல்வியாகவே முடிகிறது. மறுநாள் வேலையையும் கெடுக்கிறது.

பணத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. நாயகர்களுக்கான ஆடை அலங்காரங்கள் அங்கே விலைக்கு விற்கப்படுகின்றன. அவை தோற்றத்தை மாற்றுமேயன்றி, வலிமையைச் சிறிதும் கூட்டா. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அவற்றைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மின் விளையாட்டுப் போட்டிகளை அதே சட்டம் தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் மின் விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி டோட்டா 2-இல் வெண்கலப் பதக்கம் பெற்றது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

அன்பான பெற்றோரே, மாயவித்தைக்காரரும் பேயுருவங்களும் இந்த விளையாட்டில் கற்பனைப் பாத்திரங்களாக வருவதுண்டு. உங்கள் வீட்டுக்கு அது தகுமா என்பதைப் பிள்ளையின் அருகே அமர்ந்து ஓர் ஆட்டத்தைப் பார்த்தபின் தீர்மானியுங்கள். ஸ்டீம் என்னும் தளத்தின் வழியே இதை ஆடுகிறார்கள். 13 வயது நிறையாதவர் அங்கே கணக்குத் தொடங்க அனுமதி இல்லை. ஆட்டத்தின் நடுவில் கணினியை அணைப்பதைவிட, "இது முடிந்ததும் எழுந்து வா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வார்த்தையில் இருக்கும் நியாயத்தைப் பிள்ளை உணர்வான். தானும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான்.

ஆனால், ஆட்டத்தை நிறுத்தத் தன்னால் முடியவில்லை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதலிடம் பெறுகிறது, தீங்கு கண்கூடாகத் தெரிந்தும் தொடருகிறான் என்னும் நிலை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தால், அதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அப்பொழுது கண்டிப்பு மட்டும் போதாது. மருத்துவரின் துணை வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே 2014இல் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. உதவி தேடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

தம்பி, தங்கையரே, இன்றிரவு ஆடுவதற்கு முன் மேசையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "யாரால் தோற்றோம்?" என்ற கேள்விக்கு அதில் இடம் கொடாதேயுங்கள். "நான் எதைத் திருத்துவேன்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். "வரைபடத்தைப் பார்க்கவில்லை." "பொன்னுக்கு ஆசைப்பட்டுத் தனியே காட்டுக்குள் போனேன்." "கூட்டாளியைத் திட்டினேன்." முப்பது வரிகள் சேர்ந்தபின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே எழுதிய தவறுகளில் சில அதற்குப் பிறகு ஒருமுறையும் வரவில்லை என்பதைக் காண்பீர்கள். அதன்பின் நோட்டை மூடிவிட்டு, விளக்கை அணைத்து, நிம்மதியாக உறங்குங்கள். காலையில் வேலை இருக்கிறது.